மஹய்யாவையில் இறங்காத நாட்கள்

நான் பல்கலைக்கழகத்தில் ஹீப்ரு படித்தவள் என்று சொன்னால் கண்டியில் எங்கள் மஹய்யாவையில் யாரும் லேசில் நம்புவதில்லை. நம்புகிறவர்களும் அடுத்ததாக ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "அத வச்சு என்ன செய்யப் போறீங்க?" இப்போது கொஞ்சக் காலமாகக் கேள்வி மாறியிருக்கிறது. இஸ்ரேலில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போக நினைப்பவர்கள் வீடு தேடி வந்து, "டீச்சர், நாலு வார்த்தை சொல்லிக் குடுங்களேன்" என்கிறார்கள். சொல்லிக் கொடுக்கிறேன். தண்ணீர், மருந்து, வலிக்கிறதா, மெதுவாக நடங்கள். உண்மையைச் சொன்னால் இதெல்லாம் நான் படித்த ஹீப்ருவில் இல்லை. புத்தகத்தைப் பார்த்துத்தான் சொல்கிறேன். நான் படித்ததில் ஆடுகளும் கிணறுகளும் சதா கோபத்தில் இருக்கும் தீர்க்கதரிசிகளும்தான் இருந்தார்கள்.

அதுவும் ஒன்றரை வருடப் படிப்புத்தான். முழுதாக முடிக்கவில்லை. என்னோடு படித்தவள் பாதியில் விட்டாள், அதனால் வகுப்பே நின்றுபோனது. அவள் விட்டதற்குக் காரணம் நாடு என்று சொல்லலாம், காலம் என்று சொல்லலாம், நானும் பல வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அதில் என் பங்கு ஒன்று இருக்கிறது. அதை எழுதாமல் இந்தப் படிப்பைப் பற்றி எழுதுவதில் அர்த்தமில்லை.

ஹீப்ருவை நான் தேடிப் போகவில்லை. இரண்டாம் வருடத்தில் ஓர் உபபாடம் எடுக்க வேண்டியிருந்தது. எல்லோருக்கும் பிடித்த பாடங்கள் எல்லாம் நிரம்பிவிட்டன. நான் எதிலும் பிந்திப் போகிற ஆள். செவ்வாயும் வியாழனும் பின்னேரத்தில் இடம் இருந்தது இது ஒன்றில்தான்: ஹீப்ரு மொழியும் யூதப் பண்பாடும். மூன்று பேருக்குக் குறைந்தால் வகுப்பு நடக்காது என்றும் ஏற்கனவே இரண்டு பேர் இருக்கிறார்கள் என்றும் காரியாலயத்தில் சொன்னார்கள். மூன்றாவது ஆள் நான். எனக்காக ஒரு வகுப்பே காத்திருந்தது என்பதில் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

முதல் இரண்டு பேரில் ஒருவர் யாழ்ப்பாணத்துக்காரர். பிலிமத்தலாவையில் தங்கிப் போதகர் படிப்புப் படித்துக்கொண்டு, இந்தப் பாடத்துக்கு மட்டும் பஸ் பிடித்து வருவார். இன்னொருத்தி கட்டுகஸ்தோட்டை முஸ்லிம் பிள்ளை. வாப்பாவுக்கு அங்கே பாலத்தடியில் ஹார்ட்வெயார் கடை. போதகர் படிப்புக்காரர் ஏன் ஹீப்ரு படிக்கிறார் என்பது யாருக்கும் விளங்கும். இவள் ஏன் படிக்கிறாள் என்று முதல் நாளே கேட்டேன். "எங்கட அரபுக்குச் சொந்தக்கார பாஷை. சொந்தக்காரங்கள் கதைக்காம ஈக்கிறாங்கன்டா நானும் கதைக்காம ஈக்கணுமா?" என்றாள். அந்தப் பதிலிலேயே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. பிறகு பார்த்தால் படிப்பிலும் அவள்தான் கெட்டி. வலமிருந்து இடமாக அவள் கண் தானாக ஓடும். நான் வரிக்கு வரி தடம் புரண்டுகொண்டிருப்பேன்.

எங்கள் விரிவுரையாளரும் யாழ்ப்பாணத்துக்காரர். ஜெருசலேமில் சில வருடம் படித்துவிட்டு வந்தவர். கறுப்புக் கரை வைத்த சேலை, கையில் எப்போதும் ஒரு சோக்குத்துண்டு. அங்கே யூதர்கள் தங்கள் நூல்களைப் படிக்கிற முறையைத்தான் அவர் முதலில் சொல்லித்தந்தார். அவர்கள் தனியாக உட்கார்ந்து படிப்பதில்லையாம். இரண்டு இரண்டு பேராக, ஒரே பக்கத்தை நடுவில் வைத்துக்கொண்டு, மேசையில் தட்டி, சத்தம் போட்டு வாதாடித்தான் படிப்பார்களாம். அந்தச் சோடிப் படிப்புக்கு ஹவ்ரூதா என்று பெயர்.

"ஒரு ஆள் என்ன சொன்னாலும் மற்ற ஆள் மூண்டு மறுப்புச் சொல்ல வேணும். அதுக்குப் பிறகுதான் சரி எண்டு ஏற்கலாம். இது என்ர வகுப்பில சட்டம்" என்றார் மிஸ். "ஓம் ஓம் எண்டு தலையாட்டுறதுக்கு ஆள் தேவையில்லை பிள்ளையள். அதுக்கு வீட்டில கண்ணாடி ஒண்டு போதும்."

போதகர் படிப்புக்காரருக்கு மிஸ்ஸே சோடியானார். பாவம் மனிதர், விரிவுரையாளரை எப்படி மறுப்பது என்று தெரியாமல் முதல் மாதம் முழுக்க வியர்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவள் சோடி.

மறுப்பது எனக்கும் லேசாக வரவில்லை. எங்கள் வீட்டில் எதிர்த்துப் பேசினால் வாய் நீளம் என்பார்கள். பள்ளிக்கூடத்திலும் டீச்சர் சொன்னதைத் திருப்பிச் சொன்னால்தான் மார்க்ஸ். அவளுக்கோ பிறவியிலேயே அந்தக் குணம் இருந்தது. நான் ஒரு வசனத்துக்கு அர்த்தம் சொன்னால் விரலை மடக்கி, "ஒன்டு" என்று தொடங்கிவிடுவாள். மூன்றாவது விரல் மடங்குவதற்குள் எனக்கு அழுகை வந்துவிடும். மூன்று மாதத்தில் நானும் தேறினேன். அவள் ஒன்று என்று தொடங்குவதற்கு முன்பே நான் இரண்டாவதற்குப் பதில் வைத்திருந்தேன்.

நூலகத்தில் எங்கள் சத்தத்தைப் பொறுக்க மாட்டார்கள். இரண்டு தடவை வெளியே போகச் சொன்ன பிறகு கன்டீனுக்கு மாறினோம். பிளேன்டீயை நடுவில் வைத்துக்கொண்டு நாங்கள் கத்துவதைப் பார்த்து, காதலன் விஷயம் என்று நினைத்துச் சமாதானம் செய்ய வந்தவர்களும் உண்டு. கன்டீன் மூடினால் பஸ். கண்டியில் இறங்கி கட்டுகஸ்தோட்டை பஸ்ஸில் ஏறினால் எனக்கு முதலில் மஹய்யாவை வரும். அங்கே நான் இறங்க வேண்டும். ஆனால் மறுப்பு இரண்டில் நிற்கும்போது எப்படி இறங்குவது? "எங்கட பஸ் ஹோல்ட் வரைக்கும் வாடி, முடிச்சிட்டுப் போ" என்பாள். கட்டுகஸ்தோட்டை வரைக்கும் போய், பாலத்தடியில் நின்று முடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பி வருவேன். கீழே மகாவலி மண்ணிறமாக ஓடிக்கொண்டிருக்கும். "கெம்பஸ்ல அப்படி என்னதான் சொல்லிக் குடுக்குறாங்க, எந்த நாளும் பிந்தி வார" என்று அம்மா ஏசுவார். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் சந்தோஷமாக இருக்கும்.

ஒரு தகப்பன் கடவுள் கேட்டார் என்று மகனைப் பலி கொடுக்க மலையேறும் பகுதியை நாங்கள் மூன்று நாள் படித்தோம். மூன்று நாளும் நான் மஹய்யாவையில் இறங்கவில்லை. அந்தத் தகப்பனுக்கு இரண்டு மகன்கள், எந்த மகன் என்பதிலேயே அவள் தொடங்கினாள். "எங்கட மார்க்கத்துல இது மத்த மகன்டி" என்றாள். இங்கே இப்படித்தானே எழுதியிருக்கிறது என்றேன். ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு என் முறை வந்தது. "எந்த மகனா வேணா இருக்கட்டும். அந்தப் பிள்ளைக்கு ஒரு அம்மா இருந்தாங்களே, அவங்ககிட்ட யாரு கேட்டா?" என்றேன். அவள் விரலை மடக்கப் போய் அப்படியே நிறுத்திவிட்டாள். கட்டுகஸ்தோட்டை வந்தும் பதில் வரவில்லை. "நாளைக்குச் செல்றேன்" என்று இறங்கிப் போனாள். அவளை வாயடைக்க வைத்தது அந்த ஒரு தரம்தான். அன்று திரும்பி வந்த பஸ்ஸில் சீட் இல்லை, எனக்குக் கால் வலிக்கவும் இல்லை.

பண்பாட்டுப் பாடம் இன்னும் வேடிக்கை. வெள்ளிக்கிழமை மாலை யூத வீடுகளில் ஓய்வுநாளுக்கு வைக்கும் ரொட்டியைக் காட்ட வேண்டும் என்று மிஸ் ஒரு பேக்கரிக்காரரிடம் சொல்லி, ஜடை போட்ட மாதிரிப் பாண் செய்வித்துக் கொண்டு வந்தார். அதை யூதர் சாப்பிடலாமா, முஸ்லிம் சாப்பிடலாமா, அதில் என்ன எண்ணெய் என்று நாங்கள் இருவரும் விசாரணை நடத்திக்கொண்டிருந்தோம். முடிவு வருவதற்குள் போதகர் படிப்புக்காரர் பாதியைச் சாப்பிட்டுவிட்டார். "நான் மறுக்கேல்லை, ஏற்றுக்கொண்டன்" என்றார். மிஸ் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

நான் செய்த கூத்து அதைவிடப் பெரியது. சரஸ்வதி பூசைக்கு எங்கள் வீட்டில் எல்லோருடைய புத்தகங்களையும் சாமி படத்துக்கு முன்னால் அடுக்குவோம். பரீட்சை கிட்டத்தில் இருந்ததால் எனக்கு எதில் பயம் அதிகமோ அதை மேலே வைத்தேன். அது ஹீப்ரு கொப்பி. அம்மா வழக்கம் போல மேலே இருந்த கொப்பியில் சந்தனம் தடவி, அதன் நடுவில் கட்டைவிரலால் குங்குமம் வைத்துவிட்டார். விஜயதசமி முடிந்து எடுத்துப் பார்க்கிறேன், குங்குமம் ஊறி இறங்கியிருக்கும் பக்கத்தில் என் கையாலேயே எழுதியிருக்கிறேன்: எந்த உருவத்தையும் செய்து வணங்கக் கூடாது.

நான் பயந்துபோனேன். நான் சைவக்காரி, எனக்கு அந்தக் கட்டளை இல்லை. ஆனாலும் ஒருவருடைய வேத வசனத்துக்கு இப்படிச் செய்துவிட்டோமே என்று மனசு அடித்துக்கொண்டது. அவளிடம் காட்டினேன். கன்டீன் மேசையில் தலையை வைத்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, "இது அவமதிப்பு இல்ல. ஒங்கட வீட்டுல ஆகப் பெரிய மரியாதைய அதுக்குக் குடுத்திருக்கீங்க" என்றாள். நான் சட்டப்படி மூன்று மறுப்புச் சொன்னேன். மூன்றையும் உடைத்தாள். அரபு எழுத்துள்ள கடதாசி கீழே கிடந்தால் அவள் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். காலில் புத்தகம் பட்டால் நானும் தொட்டுக் கும்பிடுவேன். யூதர்கள் பழசான வேதத்தாள்களை வீசாமல் மண்ணில் புதைப்பார்களாம். நாங்கள் மூன்று மதத்தாரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி எனக்கு அன்று தோன்றியது.

மூன்றாம் வருடம் தொடங்கியபோது, இறுதி ஆய்வை ஹீப்ருவிலேயே செய்யலாம் என்று மிஸ் அவளிடம் சொன்னார். அதற்குப் பிறகு வெளிநாட்டில் மேற்படிப்புக்கும் தானே கடிதம் தருவதாகச் சொன்னார். அவள் வீட்டில் கேட்டாள், வாப்பாவும் சம்மதித்துவிட்டார். அதற்கு அவள் செய்ய வேண்டியிருந்தது இன்னும் ஒன்றரை வருடம் இந்தப் பாடத்தில் இருப்பது மட்டும்தான்.

அந்த ஏப்ரலில்தான் ஈஸ்டர் ஞாயிறன்று தேவாலயங்களில் குண்டு வெடித்தது. போதகர் படிப்புக்காரர் இரண்டு நாள் போனை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் எடுத்து, "இருக்கிறன்" என்று மட்டும் சொன்னார். பல்கலைக்கழகத்தை மூடினார்கள். பின்னேரமானால் ஊரடங்கு. குண்டு வைத்தது ஒரு தீவிரவாத முஸ்லிம் குழு என்று தெரிந்தது. முஸ்லிம் வீடுகளில் சோதனை நடக்கிறது, அரபுப் புத்தகம் இருந்தாலே கேள்வி கேட்கிறார்கள் என்று எங்கும் பேச்சு. பயத்தில் புத்தகங்களைப் புதைத்தவர்கள் உண்டு, எரித்தவர்கள் உண்டு. எங்கள் பக்கம் யாரும் சோதனைக்கு வரவில்லை. நாங்கள் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு டீவி பார்த்தோம்.

ஒரு நாள் காலை ஒன்பது மணிக்கு அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அதற்கு முன் அவள் வந்ததில்லை. கையில் ஒரு துணிப்பை, அதற்குள் அவளுடைய ஹீப்ரு கொப்பிகள். அம்மா கதிரையைத் துடைத்துப் போட்டார். அவள் உட்கார்ந்ததும் பையை என் மடியில் வைத்தாள்.

"இத வீட்டுல வெச்சிக்க ஏலாதுடி. சோதிக்க வாற ஆளுக்கு இது அரபு. எங்கட ஆக்களுக்கு இது யூதன்ட எழுத்து. நான் ரெண்டு பக்கமும் விளக்கம் செல்லிக்கிட்டு ஈக்கணுமா? வாப்பா சாப்பிடுறதும் இல்ல. நான் பாடத்த விட்டுடுறேன். கெம்பஸ் தொறந்ததும் எழுதிக் குடுக்கப் போறேன்."

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா டீ கொண்டு வந்து வைத்தார். நான் யோசித்தேன். நான் யார் இவளைத் தடுக்க? சோதனை என் வீட்டில் நடக்கவில்லை. பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார யாரும் யோசிக்கவில்லை. பயம் முழுக்க அவளுடையது. அதில் நியாயம் பேச எனக்கு என்ன உரிமை?

"நீ சொல்றது சரிதான்டி. உன் எடத்துல நா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன்" என்றேன்.

அவள் டீக் கோப்பையைக் கையில் எடுத்தாள். "அப்ப சரி" என்றாள். டீயைக் குடித்தாள், அம்மாவிடம் சொல்லிக்கொண்டாள். நான் பஸ் ஹோல்ட் வரைக்கும் கூடப் போனேன். பத்து மணிக்கு முன்பே அவளுடைய பஸ் வந்துவிட்டது. வீட்டுக்குத் திரும்பும்போது நான் நல்ல பிள்ளையாக நடந்துகொண்டேன் என்றுதான் நினைத்தேன். அந்த நினைப்புக்காக இன்றைக்கும் என்மேல் எனக்குக் கோபம் வருகிறது.

பல்கலைக்கழகம் திறந்ததும் அவள் எழுதிக் கொடுத்தாள். மூன்று இரண்டாகி வகுப்பு நின்றது. நான் வேறு ஒரு பாடத்துக்கு மாறினேன். அதன் பெயர்கூட இப்போது சட்டென்று வராது. போதகர் படிப்புக்காரர் ஊரோடு போய்விட்டார். மிஸ் என்னை மட்டும் கூப்பிட்டு, "அவ வந்து கேட்டவவோ? நீர் என்ன சொன்னனீர்?" என்றார். சரி என்று சொன்னேன் என்றேன். மிஸ் ஏற்கனவே அழித்த கரும்பலகையை இன்னொரு தடவை அழித்தார்.

நாங்கள் சண்டை போட்டுப் பிரியவில்லை. அதுதான் எனக்குக் கவலை. பெருநாளுக்கு நான் வாழ்த்து அனுப்புவேன், தீபாவளிக்கு அவள் அனுப்புவாள். அவள் கலியாணப் படத்துக்கு அருமை என்று போட்டேன். எனக்குப் பாடசாலையில் வேலை கிடைத்ததும் சந்தோஷம் என்று போட்டாள். ஆறு வருடமாக ஒருவர் சொன்னதை மற்றவர் ஏற்றுக்கொண்டே இருந்தோம். ஒரு விரலும் மடங்கவில்லை.

போன மாதம் அவளே போன் எடுத்து, "அந்தக் கொப்பியெல்லாம் ஈக்கா?" என்றாள். அலுமாரியில் இருந்தன. கொண்டு போனேன். பஸ் மஹய்யாவையைத் தாண்டும்போது எனக்கு என்னவோ போல இருந்தது. கட்டுகஸ்தோட்டையில், பழைய கடைக்கு மேல்மாடியில் வீடு. அவள் ஒரு பெண்கள் பாடசாலையில் வரலாறு படிப்பிக்கிறாள். வட்டிலப்பம் வைத்தாள். கொப்பிகளைத் திறந்து, ஓரங்களில் இலக்கமிட்டு நான் கிறுக்கியிருந்த மறுப்புகளை ஒவ்வொன்றாக வாசித்துச் சிரித்தாள். மறுபடியும் தொடங்கப் போகிறாயா என்றேன். "எழுத்து ஞாபகம் ஈக்கான்டு பாக்கத்தான்" என்றாள்.

எனக்குத் தாங்கவில்லை. "அன்னைக்கு நா உன்னைத் தடுத்திருக்கணும்டி" என்றேன். அவள் கொப்பியின் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். அது பொறுக்காமல், "தடுத்திருந்தாலும் நீ விட்டிருப்பதானே?" என்று நானே எனக்கு ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

"அன்டைக்கு ஊரடங்கு எத்தன மணிக்கு?" என்றாள்.

"பின்னேரந்தானே."

"நான் ஒம்பது மணிக்கே வந்தேன். ஏன் என்டு நீ யோசிக்கவே இல்லையா? பின்னேரம் வரைக்கும் நேரம் வெச்சிக்கிட்டு வந்தேன்டி. நீ என்ன மூணு மறுப்புச் செல்லுவ என்டு பஸ்ஸுல யோசிச்சு, மூணுக்கும் பதில் வெச்சிருந்தேன். மிஸ்ஸுக்கு என்ன செல்லப் போற என்டு கேப்ப. இவ்வளவு படிச்சிட்டு வீணாக்குறியா என்டு கேப்ப. பயந்தா வாழ்நாளெல்லாம் பயப்படணுமே என்டு கேப்ப. மூணையும் ஒடைச்சிருப்பேன். நீ நாலாவது ஒன்டு கேப்ப, அதுக்கு எங்கிட்ட பதில் ஈக்காது என்டு நெனச்சிக்கிட்டு வந்தேன். நீ ஒன்டும் கேக்கல்ல. பத்து மணிக்கு வீட்டுல ஈந்தேன். உம்மா, அதுக்குள்ள வந்துட்டியா என்டாங்க."

நான் வட்டிலப்பத் தட்டைக் கீழே வைத்தேன். கேட்க என்னிடம் ஒன்று இருந்தது. அன்று காலை அவள் பையை என் மடியில் வைத்த அந்த நிமிடமே அது வாய்க்கு வந்தது. அவள் வீடு அந்தப் பாடு படும்போது இது என்ன சுயநலம் என்று விழுங்கிவிட்டு, அந்தப் பெரிய மனுஷித்தனமான வசனத்தைச் சொன்னேன். ஆறு வருடம் கழித்து அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன்.

"நீ போயிட்டா நா யாரோடடி படிக்கிறது?"

அவள் முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இதுக்குத்தான்டி எங்கிட்ட பதில் ஈக்கல்ல" என்றாள்.